பாட்டியின் பிரண்டையும் என் முத்துச்சரமும்

கடந்த ஆண்டு 18 ரிங்கிட் கொடுத்து ஒரு செடி வாங்கினேன். 'ஸ்ட்ரிங் ஆஃப் பெர்ல்ஸ்' என்பார்கள். தமிழில் முத்துச்சரம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். மெல்லிய நூல் போன்ற தண்டு. அதில் பச்சைப் பட்டாணி கோத்தது போல உருண்டை இலைகள். தொட்டியின் விளிம்பைத் தாண்டிச் சரம் சரமாகத் தொங்கும். இன்ஸ்டகிராமில் பார்த்த நாள் முதல் அதன்மேல் எனக்கு ஒரு கண். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனிக் கம்பியில் அதைத் தொங்கவிட்டபோது, ஜாலான் துன் சம்பந்தனில் தொங்கும் பூச்சரங்களைவிட என் சரம்தான் அழகு என்று தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தப் பெருமை மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. முதலில் தொட்டியின் நடுவில் இருந்த முத்துகள் கண்ணாடி போல ஆயின. அடுத்து மஞ்சளாகிக் கொழகொழத்தன. விரலால் தொட்டால் நீராக உடைந்தன. செடிக்குத் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன்.

அதே சமயத்தில்தான் கிள்ளானில் தனியாக இருந்த எங்கள் பாட்டி, மழை ஈரத்தில் பின்கட்டில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது என்றார்கள். பாட்டியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

வந்த மறுநாள் காலை பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், என் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாப்பா, இதுக்குத் தெனமும் தண்ணி ஊத்துறியா?"

"ஆமா பாட்டி. வெயில் எவ்ளோ அடிக்குது!"

"வெயில் அடிக்கிறது செடிக்கு மேல. நீ ஊத்துறது வேருக்கு. மண்ணத் தொட்டுப் பாத்தியா?"

தொட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் ஆழத்துக்கு மண் சேறாக இருந்தது.

எந்த ஊர்ச் செடி இது?

நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவள். இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் படித்தேன். ஒளிச்சேர்க்கை அங்கே 'ஃபோட்டோசிந்தேசிஸ்' ஆனது. இரண்டு மொழியிலும் தேர்வு எழுதித் தேறினேன். ஆனால் கடையில் வாங்கிய செடி எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும் என எனக்குத் தோன்றியதில்லை. செடி பாதி அழுகிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

முத்துச்சரத்தின் தாவரவியல் பெயர் கியூரியோ ரௌலியானஸ். நம்பக் கடினமாக இருக்கும், இது சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. பிறப்பிடம் தென்னாப்பிரிக்கா. அங்கே வறண்ட நிலத்தில் புதர்களின் நிழலிலும் பாறை ஓரங்களிலும் தரையோடு படர்ந்து கிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்திலெல்லாம் வேர் விடும். தொங்குவது நாம் அதைத் தொட்டியில் வைத்ததால்தான்.

இலை ஏன் உருண்டை? ஒரே அளவு நீரைச் சேமிக்கும் வடிவங்களில் உருண்டைக்குத்தான் வெளிப்பரப்பு மிகக் குறைவு. பரப்பு குறைந்தால் ஆவியாகும் நீரும் குறையும். ஆனால் பரப்பு குறைந்தால் வெளிச்சமும் குறைவாகத்தானே விழும்? அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு முத்திலும் ஒரு மெல்லிய கோடு ஒளி ஊடுருவும்படி இருக்கும். அது ஒரு சன்னல். அதன் வழியாக வெளிச்சம் முத்தின் உள்ளே போகிறது. உங்கள் வீட்டில் இந்தச் செடி இருந்தால் ஒரு முத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

இப்போது கோலாலம்பூரை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இரவிலும் 24 டிகிரி வெப்பம். எந்நேரமும் காற்றில் ஈரம். வறட்சிக்காகத் தன்னை இவ்வளவு கவனமாகச் செய்துகொண்ட செடியை இங்கே கொண்டுவந்து, நான் தினமும் ஒரு குவளை தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன்.

கிள்ளானுக்கு ஒரு பயணம்

பாட்டிக்கு வந்த நான்காம் நாளே வாய்க்கு ருசி இல்லாமல் போனது. சோற்றைப் பிசைந்து ஊட்டினால் இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றும் பிடிவாதம். என்ன வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு ஒரே பதில்தான்: "பிரண்டைத் தொவையல்."

பிரண்டை பாட்டி வீட்டு வேலியில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. காப்பார் பக்கம் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டம்மா கொடுத்த ஒரு கணுவை நட்டாராம். தோட்டத்தை விட்டுக் கிள்ளான் டவுனுக்கு வாடகை வீடு பார்த்து வந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு அதிலிருந்து ஒரு துண்டும் வந்தது. நாற்பது ஆண்டுக் கதை.

சனிக்கிழமை காலை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளான் நிலையத்தில் இறங்கி, ஜாலான் தெங்கு கிளானாவில் பாட்டிக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு, பேருந்து பிடித்து வீட்டுக்குப் போனேன். வேலியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பாட்டி இல்லாத இத்தனை நாளில் யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. ஆனால் வேலிக் கம்பியிலிருந்து ஒரு கிளை மல்லிகைப் பந்தலுக்குத் தாவியிருந்தது. இன்னொன்று மதிலிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே தொங்கியது.

பிரண்டையும் சதைப்பற்றுள்ள கொடிதான். திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு பட்டையான தண்டு, கணுவுக்குக் கணு இடுப்புப் பிடித்தது போல ஒடுங்கியிருக்கும். கணுவில் ஒரு பக்கம் சிறிய இலை, எதிர்ப்பக்கம் பற்றுக்கம்பி. பற்ற ஏதாவது கிடைத்தால் ஏறும், கிடைக்காவிட்டால் தொங்கும். இந்தியா, இலங்கை, அரபு நாடுகள், ஆப்பிரிக்கா என்று வெப்ப நாடுகள் பலவற்றிலும் வளர்கிறது. வச்சிரவல்லி என்றும் இதற்குப் பெயர் உண்டு.

நுனிக் கொழுந்தாகப் பார்த்து ஒடித்தேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பாட்டியும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். பாடாங் ஜாவா வருவதற்குள் இரண்டு உள்ளங்கையும் அரிக்கத் தொடங்கின. ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பந்தாய் டாலாம் என்று வழி நெடுகச் சொறிந்துகொண்டே வந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா ஒருவர் இரக்கப்பட்டு ஈரத்தாள் கொடுத்தார்.

இந்த அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்னும் நுண்ணிய ஊசிப் படிகங்கள். சேனைக்கிழங்கு, சேம்பு அரிப்பதும் இதனால்தான். அதனால்தான் பிரண்டையைப் பச்சையாகத் தின்னக்கூடாது. கையில் நல்லெண்ணெய் தடவி, பட்டையோரம் உள்ள நாரை உரித்து, சிறு துண்டாக நறுக்கி, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்க வேண்டும். பிறகு வறுத்த உளுந்து, காய்ந்த மிளகாய், தேங்காய், கொஞ்சம் தாராளமாகவே புளி. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல நான் செய்தேன். அன்று பாட்டி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார், தன் இடது கையாலேயே.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முறிந்த எலும்பைப் பிரண்டை ஒட்டவைக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் அந்த வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. சிறிய அளவில் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனாலும் பாட்டியின் எலும்பைச் சேர்த்து வைத்தது மருத்துவரின் மாவுக்கட்டு. பிரண்டை கொடுத்தது பசி. மாத்திரை வடிவில் விற்கும் பிரண்டையை மருத்துவரைக் கேட்காமல் யாரும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இரவில் மூச்சு வாங்கும் செடிகள்

அழுகிய முத்துச்சரமும் அடங்காத பிரண்டையும் என்னை நூலகத்துக்கு அனுப்பின. நான் அறிவியல் மாணவி இல்லை, ஆனாலும் புரிந்தது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. துளை திறந்தால் வாயு உள்ளே வரும். கூடவே நீராவி வெளியே போய்விடும். வறண்ட நிலத்துச் செடிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் சதைப்பற்றுள்ள செடிகள் பல, குளிர்ந்த இரவில் துளைகளைத் திறந்து, வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்து வெயிலில் உணவு செய்கின்றன. ஆங்கிலத்தில் இதைச் சுருக்கமாக 'கேம்' முறை என்பார்கள்.

இதை வாயில் போட்டுப் பார்த்தே கவனித்த ஒருவர் நம் மண்ணோடு தொடர்புடையவர். பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தவர். ஒரு செடியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815-இல் அச்சானது. இரவெல்லாம் சேர்ந்த அமிலம்தான் அந்தக் காலைப் புளிப்பு. அந்தச் செடி, இலையிலிருந்தே குட்டி போடும் நம் ரணகள்ளி! (நீங்கள் தின்று பார்க்காதீர்கள், அது நச்சுத்தன்மை உள்ளது.)

பிரண்டையின் கதை இன்னும் சுவையானது. அதன் தண்டு இந்த இரவு முறையைப் பின்பற்றுகிறது. இலையோ மற்றச் செடிகளைப் போலப் பகலில் வேலை செய்கிறது. மழைக்காலத்தில் இலை விட்டு இரண்டு வழியிலும் பிழைக்கும். காய்ச்சல் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். கிள்ளான் மழையும் தமிழ்நாட்டு வெயிலும் அதற்கு ஒத்துப்போவதில் வியப்பில்லை.

நம் ஊரிலேயே பிறந்த ஓர் உதாரணமும் உண்டு. சாலையோரத்துப் பெரிய மழைமரத்தைப் பாருங்கள். மாலையில் இலையை மூடிக்கொள்வதால் மலாயில் 'புக்குல் லீமா' என்றும், தமிழில் தூங்குமூஞ்சி மரம் என்றும் சொல்கிறோமே, அதுதான். அதன் கிளைகளில் பச்சைச் சில்லறைக் காசு ஒட்டியது போலத் தடித்த வட்ட இலைகள் வரிசையாக ஊர்ந்து செல்லும். அது ஒரு பெரணி. மரத்தைப் பிடித்து நிற்குமே தவிர, அதன் சாற்றை உறிஞ்சாது. இவ்வளவு மழை பெய்யும் ஊரில் அதற்கு ஏன் தடித்த இலை? மரக்கிளையில் மண் இல்லை. மழை நின்றதும் நீர் வழிந்தோடிவிடும். அடுத்த மழைவரை அந்தக் கிளை ஒரு பாலைவனம். இந்தப் பெரணியும் இரவில் மூச்சு வாங்கும் வகைதான். செடிக்கு முக்கியம் எவ்வளவு மழை பெய்கிறது என்பது மட்டுமல்ல, வேரடியில் நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும்தான் என்று அந்த மரத்தடியில்தான் விளங்கியது.

முத்துச்சரத்துக்கு இரண்டாம் வாய்ப்பு

என் செடியில் நான்கு சரங்கள் மட்டும் நுனிப்பக்கம் உறுதியாக இருந்தன. அவற்றை வெட்டி எடுத்துக்கொண்டு மண் வாங்க சுங்கை பூலோ போனேன். 1930-இல் தொடங்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு அங்கேதான் இருந்தது. குணமடைந்தும் வெளியுலகம் ஏற்காத பலர் அங்கேயே தங்கி, செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் செடி வேண்டும் என்றால் எல்லாரும் சொல்லும் இடம் அந்த நர்சரி வரிசைதான்.

அங்கே ஒரு நர்சரிக்காரர் என் சரத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "அதிகம் அன்பு காட்டிவிட்டாய்" என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னதும், பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டதும் இவை:

மண்: சாதாரணத் தோட்டமண் ஒரு பங்கு என்றால், பியூமிஸ் எனும் எரிமலை நுரைக்கல், பெர்லைட், பருமணல் போன்றவை இரண்டு பங்கு. ஊற்றிய நீர் உடனே அடியில் ஒழுக வேண்டும்.

தொட்டி: அடியில் துளை உள்ள, ஆழமில்லாத மண்தொட்டி. பிளாஸ்டிக்கைவிட மண்தொட்டி சீக்கிரம் காயும். அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம், ஏடிஸ் கொசு முட்டையிடுவது இன்னொரு பக்கம்.

இடம்: காலை இளவெயில் படும், மழைச்சாரல் படாத, காற்றோட்டமான இடம். மதிய வெயில் முத்துகளைச் சுட்டுவிடும்.

தண்ணீர்: நாள் கணக்கு வேண்டாம். முத்துகள் லேசாகச் சுருங்கி, மண் அடிவரை காய்ந்த பிறகு மட்டும்.

நடவு: வெட்டிய சரத்தை இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, மண்ணின்மேல் கொசுவர்த்திச் சுருள் போலச் சுற்றி வைக்க வேண்டும். புதைக்கக்கூடாது. கணுக்கள் தாமே வேர் விடும்.

ஓர் எச்சரிக்கை: இதைத் தின்றால் நஞ்சு. பட்டாணி என்று நினைத்து வாயில் போடும் குழந்தையோ, கடிக்கும் பூனையோ வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

நான்கு சரங்களில் இரண்டு பிழைத்தன. ஐந்து மாதத்தில் ஒரு சாண் நீளம்தான் வளர்ந்திருக்கிறது. இன்ஸ்டகிராமில் போடுகிற அளவுக்கு இல்லை.

வீட்டைக் காலி செய்தபோது

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது. ஆனால் மணிக்கட்டு முன்போலத் திரும்பவில்லை. கைக்குடத்தைத் தூக்க முடியவில்லை. இனி பாட்டி தனியாக இருக்க வேண்டாம் என்று அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்தார்கள். கிள்ளான் வீட்டைத் திருப்பிக் கொடுப்பது என்று பேச்சு வந்தது. பாட்டி எதிர்த்துப் பேசவில்லை. எல்லாரும் பேசி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பெரண்டைய என்னா பண்றது?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. நாற்பது ஆண்டுக் கொடியை வேலியோடு பெயர்த்துக்கொண்டு வர முடியுமா? "நான் எடுத்திட்டு வரேன் பாட்டி" என்று சொன்னேன். ஒரு செடியைக் கொன்றவள் என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

இம்முறை பாட்டியும் வந்தார். எண்ணெய்ப் புட்டியையும் மறக்கவில்லை. முற்றவும் இல்லாமல் இளசாகவும் இல்லாமல், மூன்று கணு உள்ள துண்டுகளாகப் பார்த்து அவர் விரல் காட்ட, நான் வெட்டினேன். மூன்று துண்டுகள். வெட்டுவாய் காய மூன்று நாள் தினசரித் தாள்மேல் போட்டு வைத்தோம். பிறகு ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டோம்.

முதல் வாரம் எதுவும் நடக்கவில்லை. நான் பொறுக்காமல், பாட்டி தூங்கும்போது ஒரு தொட்டிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். அந்தத் துண்டுதான் அடியில் கறுத்து அழுகியது. பாட்டி கண்டுபிடித்துவிட்டார், திட்டவில்லை. "அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு பாப்பா. நம்ம அவசரம் அதுக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

மற்ற இரண்டும் ஐந்தாம் வாரம் துளிர்த்தன. இப்போது ஒரு கொடி பால்கனிக் கம்பியைப் பற்றி ஏறுகிறது. இன்னொன்று பிடி கிடைக்காமல் முத்துச்சரத்துக்குப் பக்கத்தில் கீழே தொங்குகிறது. துவையலுக்கு ஒடிக்கும் அளவுக்கு வளர இன்னும் சில மாதம் ஆகும். அதுவரை ஒடிக்கக்கூடாது என்பது பாட்டியின் உத்தரவு.

கிள்ளான் வீட்டுச் சாவியைப் போன மாதம் கொடுத்துவிட்டோம். வேலியில் இருந்த பழைய கொடியை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். புதிதாகக் குடிவருபவர்களுக்கு அது என்னவென்று தெரியுமா என்று பாட்டிக்குக் கவலை. அதனால் ஓர் அட்டையில் தமிழிலும் மலாயிலும் எழுதி வேலியில் கட்டிவிட்டு வந்தேன்: இது பிரண்டை, உண்ணலாம், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒடிக்கவும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டியோ தாத்தாவோ வைத்த ஒரு செடி இருக்கும். அது எந்த ஊரிலிருந்து, யார் கொடுத்து வந்தது என்று இந்த விடுமுறையில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முடிந்தால் ஒரு துண்டும் வாங்கி வாருங்கள். நடுவதற்கு முன் வெட்டுவாயை மூன்று நாள் காயவிட மறக்காதீர்கள்.